மைனி, இவளைக் கொஞ்சம் வச்சிருங்க

இரவு இரண்டேகால் மணி. தேவ்நாரில், கோவண்டி ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு கோலி. (மும்பைத் தமிழர் பேச்சில் கோலி என்றால் ஓரறை வீடு.) ஒன்றரை வயதுக் குழந்தை மூக்கடைப்போடு மூன்றாவது முறையாக எழுந்து வீறிடுகிறது. விடிகாலை ஷிப்டுக்குப் போக வேண்டிய அப்பா தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு கிடக்கிறார். அம்மா எழுந்து, சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுகிறாள்.

"மைனி, இவளைக் கொஞ்சம் வச்சிருங்க. ஒரு கோழித்தூக்கம் போட்டுட்டு வந்துருதேன்."

மைனி (அண்ணி) என்று கூப்பிட்டாலும் சொந்தம் கிடையாது. இருவருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம், அவ்வளவுதான். "கொண்டா" என்று குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மைனி சந்தில் நடக்கத் தொடங்குகிறார். தேவ்நார், சீத்தா கேம்ப், தாராவி என்று தமிழர்கள் நெருக்கியடித்து வாழும் சந்துகளில் இது பேசப்படாத ஏற்பாடு. யாரும் இதற்கு நன்றி சொல்வதில்லை, கணக்கும் வைப்பதில்லை.

அறிவியல் கணக்கு வைத்திருக்கிறது. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களில் 33 பெரியவர்களின் கையில், தூக்கத்தைப் பதிவுசெய்யும் கருவியைக் கட்டி 20 நாள் கவனித்தார்கள். 2017-இல் முடிவு வெளியானது. அந்த 20 நாளில் 33 பேரும் ஒரே சமயத்தில் தூங்கிய நேரம் மொத்தம் 18 நிமிடம். யாரையும் காவலுக்கு நிறுத்தவில்லை. வயதானவர்கள் முன்னிரவிலேயே சாய்ந்து கருக்கலில் எழுந்துவிடுகிறார்கள், இளவட்டங்கள் பிந்திப் படுக்கிறார்கள். வெவ்வேறு வயதுக்காரர்கள் கலந்து கிடந்தாலே காவல் தானாக அமைந்துவிடுகிறது. 'பாட்டிக்குத் தூக்கமே வரமாட்டேங்குது' என்று நாம் குறைப்படுவதுகூட ஒருகாலத்தில் கூட்டத்தைக் காத்த குணமாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். தேவ்நார் சந்திலும் அப்படித்தான். குழாய்த் தண்ணீருக்காக ஒருத்தி விழித்திருப்பாள், நைட் ஷிப்ட் முடித்து ஒருவர் வருவார், மூட்டுவலியில் ஓர் ஆச்சி உட்கார்ந்திருப்பார். கதவைத் தட்டினால் திறக்க ஆள் உண்டு. ஆளுக்கொரு பிளாட், அதற்கொரு இரும்புக்கதவு என்று மேலேறிப் போனவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

காங்கோவின் பயாக்கா மக்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2023-இல் வந்தது. அங்கே ஒரு சின்னக் குழந்தை நாளில் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் யாராவது ஒருவரின் அணைப்பிலோ நேரடிக் கவனிப்பிலோ இருக்கிறது. பத்து முதல் இருபது பேர் வரை கைமாறுகிறது. குழந்தை அழும்போது பல தடவை ஓடி வருவது பெற்ற தாய் அல்ல, மற்றவர்கள். மனிதக் குழந்தை ஒரே ஒருத்தியின் கையில் வளரும்படி உருவான உயிர் இல்லை என்பதை மானுடவியலாளர் சாரா ஹர்டி தன் ஆய்வுகளில் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

சரி, குழந்தை ஏன் எழுகிறது? தூக்கம் ஒரே நீட்டாக ஓடுவதில்லை, சுற்றுச் சுற்றாக வருகிறது. பெரியவர்களுக்கு ஒரு சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். கைக்குழந்தைக்கு 50, 60 நிமிடம்தான், வளர வளர நீளும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லோருமே லேசாக விழிக்கிறோம். நாம் புரண்டு படுத்து மறந்துவிடுகிறோம், குழந்தை ஆளைத் தேடுகிறது. 'பிள்ளை இன்னும் ராத்திரி எழும்புதா?' என்று பார்க்கிறவர்கள் எல்லாம் அம்மாவிடம் குற்றப்பத்திரிகை வாசிப்பதில் அர்த்தமில்லை. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அதை எட்டு மணிக்குத் தொடங்க வேண்டும் என்று எங்கும் விதியில்லை. இந்தியா உள்பட 17 நாடுகளில் மூன்று வயதுக்குட்பட்ட 29,287 குழந்தைகளைப் பற்றி 2010-இல் வெளிவந்த கணக்கெடுப்பில், நியூசிலாந்துக் குழந்தை இரவு 7.27-க்குப் படுக்கிறது, ஹாங்காங் குழந்தை 10.17-க்கு. ஆசியக் குழந்தைகள் பெரும்பாலும் பெற்றோர் பக்கத்தில்தான் தூங்குகிறார்கள். தொட்டிலைத் தனியறையில் போடச் சொல்லும் புத்தகங்களுக்கு, தனியறையே இல்லாத கோலியில் வேலை இல்லை.

ஆனால் கோலியில் ஒரு நிஜமான பிரச்சினை உண்டு: வெளிச்சம். அமெரிக்காவின் கொலராடோவில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 36 பேரைப் படுக்கப்போகும் முன் ஒரு மணி நேரம் விளக்கொளியில் வைத்துச் சோதித்தார்கள். 5 முதல் 40 லக்ஸ் அளவிலான மங்கலான வெளிச்சமே தூக்கத்துக்கு அழைக்கும் மெலடோனின் ஹார்மோனைச் சராசரியாக 78% குறைத்தது. குழந்தையின் கண்மணிப் பாவை அகலம், உள்ளிருக்கும் லென்ஸும் தெளிவு, அதனால் பெரியவர்களை விட ஒளி அதிகமாக உள்ளே போகிறது. ஒரே அறையில் டியூப்லைட் எரிய, தாத்தா சீரியல் பார்க்க, அண்ணன் வீட்டுப்பாடம் எழுத, ஒன்றரை வயதுக்காரி கண்ணைக் கசக்கிக்கொண்டு விளையாடுகிறாள் என்றால் அவளைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது சந்தில் நடக்கும் மைனியைக் கவனியுங்கள். அவர் தாலாட்டுப் பாடவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. ஒரே சீராக, நிற்காமல் நடக்கிறார். ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிறுவனம் 21 கைக்குழந்தைகளுக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவியைப் பொருத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பரிந்துரைக்கிறது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். தூங்கிய பிறகு, மடியிலேயே வைத்துக்கொண்டு ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்கார வேண்டும். அதன் பிறகே படுக்கையில் கிடத்த வேண்டும். முதுகு பாயில் பட்டதால் குழந்தை எழுகிறது என்று நாம் நினைக்கிறோம். அளந்து பார்த்தால், நெஞ்சிலிருந்து உடம்பைப் பிரிக்கத் தொடங்கும்போதே இதயத் துடிப்பு எகிறிவிடுகிறது. மைனி தூங்கின பிள்ளையை உடனே இறக்குவதில்லை. வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிறார். அவர் வெற்றிலை மடிக்க ஆகும் நேரத்தை யாரும் அளந்ததில்லை. எட்டு நிமிடம் இருக்கும் என்பது என் மதிப்பீடு.

தூக்கத்தைக் கெடுப்பது வெறும் வயதுக்கோளாறு என்றால் இதோடு முடித்துக்கொள்ளலாம். தேவ்நாரில் முடியாது. மும்பை மாநகராட்சியின் குப்பைமேடு இங்கே 1927 முதல் இருக்கிறது. 2016 ஜனவரி கடைசியில் அது பற்றி எரிந்தபோது எழுந்த புகை விண்வெளியிலிருந்து எடுத்த படத்தில் தெரிந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். ஒன்றரை வயதுக் குழந்தை பெரியவரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூச்சு விடுகிறது. உடல் எடைக்குக் கணக்கிட்டால், அதே புகையில் அதற்குப் போகும் பங்கு அதிகம். மூச்சுக்குழாயோ குறுகலானது. கொஞ்சம் வீங்கினாலும் கொஞ்சம் சளி கட்டினாலும் பாதை பாதி அடைந்துவிடும். இதற்கு மேல், நகரத்துக் குழந்தைக்கு வருடத்தில் ஆறு, எட்டுத் தடவை சளி பிடிப்பது எங்கும் சாதாரணம். தினமும் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறது, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் மட்டும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை பெருத்திருக்கலாம். அதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது: இரும்புச்சத்து. மூளை டோபமைன் தயாரிக்க இரும்பு வேண்டும். அது குறைந்தால் கால்கள் நிலைகொள்ளாது, தூக்கம் துண்டு துண்டாகும். கைக்குழந்தையாக இருந்தபோது ரத்தசோகை இருந்த சிலி நாட்டுக் குழந்தைகளுக்கு, அது சரியாகி நாலு வயதான பிறகும் தூக்கத்தின் அமைப்பு மாறியே இருந்தது. இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1% பேருக்கு ரத்தசோகை என்றது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. மகாராஷ்டிரத்தில் 68.9%, தமிழ்நாட்டில் 57.4%. விரல் நுனி ரத்தத்தில் எடுத்த கணக்கு இது. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்த இன்னொரு தேசியக் கணக்கெடுப்பில், ஒன்று முதல் நாலு வயதுக்காரர்களிடம் அது 41% என்று வந்தது. எதை நம்புவது என்று நிபுணர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் ஐந்தில் இரண்டு குழந்தை. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குடும்பநலக் கணக்கெடுப்பை நடத்தும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இருப்பது இதே தேவ்நாரில், கோவண்டி ஸ்டேஷன் ரோட்டில்தான்.

குழந்தை கைமாறுவதைப் போலவே மருந்தும் கைமாறுகிறது. எனக்கு உதறல் எடுப்பது இங்கேதான். 'எங்க பிள்ளைக்கு இதக் குடுத்தோம், ராத்திரி பூரா தூங்குச்சு' என்று பாதி பாட்டில் சிரப் எதிர்வீட்டுக்குப் போகும். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். சிறுநீரகத்தைக் கொல்லும் டைஎத்திலீன் கிளைக்கால் அதில் 48.6% இருந்தது. அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இரண்டு வயதுக்குக் கீழே சளி, இருமல் மருந்தே எழுதக் கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகவே வேண்டாம் என்று மத்திய சுகாதார இயக்குநரகம் அப்போது அறிவுறுத்தியது. கலப்படம் இல்லாத மருந்துக்கும் இது பொருந்தும். அந்த வயதில் அவற்றால் பெரிதாகப் பலனில்லை, மயக்கம்தான் மிச்சம். ராத்திரி பூராத் தூங்கியது மருந்து குணப்படுத்தியதால் இருக்காது.

ஆச்சிகளின் வைத்தியத்தில் ஒன்று சோதனையில் தேறியிருக்கிறது. இஸ்ரேலில் ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான 300 குழந்தைகளுக்குப் படுக்கும் முன் தேனோ, தேன் போலவே இருக்கும் பேரீச்சைப் பாகோ கொடுத்துப் பார்த்தார்கள். தேன் குடித்தவர்களின் இருமல் நன்றாகக் குறைந்தது, தூக்கமும் தேவலை. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவவும் கூடாது, பொட்டுலிசம் என்னும் நச்சு நோய் வரலாம். பேர் சொல்லாமலே கடையில் கேட்டு வாங்கும் வசம்பு, இழைத்துப் புகட்டும் ஜாதிக்காய் இரண்டும் நரம்பில் வேலை செய்பவை. எத்தனை உரசலுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஆச்சிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கைமாறினால் உயிரைக் காப்பாற்றும் அறிவு வேறு ஒன்று இருக்கிறது. அதற்குக் கடிகாரம் போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் வந்தால் வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

இப்படிப்பட்ட அறிவைக் கூட்டம் போட்டுப் பரப்பினால் குழந்தைகள் பிழைப்பார்களா? மும்பை இதைச் சோதித்துப் பார்த்த ஊர். சயான் மருத்துவமனையில் 1989-இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கியவர் பச்சிளங்குழந்தை மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ். ஒருத்தியின் பால் இன்னொருத்தியின் பிள்ளைக்குப் போவது அங்கே மருத்துவ முறையானது. 1999-இல் அவர் தொடங்கிய ஸ்நேஹா அமைப்பு, 2006 முதல் 2009 வரை 48 குடிசைப் பகுதிகளில் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. பாதி இடங்களில் பெண்கள் குழுக்களாகக் கூடி, கர்ப்பம், பிரசவம், பச்சிளங்குழந்தை பற்றிப் பேசி, என்ன செய்யலாம் என்று தாங்களே முடிவெடுத்தார்கள். மீதிப் பாதியில் குழு இல்லை. 18,000-க்கும் மேற்பட்ட பிறப்புகளைப் பின்தொடர்ந்தார்கள். குழந்தை இறப்பு குறையவில்லை.

இந்த முடிவை மறைக்காமல் 2012-இல் வெளியிட்டதற்கே அவர்களைப் பாராட்ட வேண்டும். ஏனென்றால் இதே முறை ஜார்கண்ட், ஒடிசா பழங்குடி கிராமங்களில் பச்சிளங்குழந்தை இறப்பை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்திருந்தது. அங்கே பிரசவம் வீட்டில். கை கழுவுவது, குழந்தையைத் துணியில் சுற்றுவது போன்றவற்றைக் குழுவே மாற்ற முடிந்தது. மும்பையில் பெரும்பாலான பிரசவம் ஏற்கெனவே மருத்துவமனையில்தான். அங்கே நடப்பதைச் சந்தில் கூடிப் பேசும் பெண்கள் மாற்ற முடியாது. குப்பைமேட்டையும் அவர்கள் கூட்டம் போட்டு நகர்த்த முடியாது. அண்டைவீட்டு உதவியைப் புகழ்ந்து எழுதும்போது இதை விட்டுவிட்டால், மாநகராட்சி செய்ய வேண்டியதை மைனி தலையில் கட்டியதாகிவிடும்.

மைனியால் முடிவது எது என்பதற்குத் தடயம் அந்த ஜார்கண்ட் ஆய்விலேயே இருக்கிறது. மூன்றாம் ஆண்டில், குழுக்கள் இருந்த இடங்களில் தாய்மாரின் மிதமான மனச்சோர்வு 57% குறைந்திருந்தது. கோவாவில் மனச்சோர்வு கண்ட கர்ப்பிணிகள் 280 பேரில் பாதிப் பேர் வீட்டுக்கு, பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்துத் தாய்மார்கள் போய்வந்தார்கள். 'சகி' என்று அவர்களுக்குப் பெயர். படித்த மனநல நிபுணர்கள் இல்லை, பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். பிரசவத்துக்கு ஆறு மாதம் கழித்து, சகி வந்த பெண்களில் 73% பேர் மீண்டிருந்தார்கள், மற்றவர்களில் 60%. வித்தியாசம் பிரமாதம் இல்லை. ஆனால் தூக்கம் கெட்ட ஒருத்திக்கு அதுவும் சின்ன விஷயமில்லை. (இந்த ஆய்வுகளில் அப்பாக்கள் எங்கே என்று கேட்பீர்கள். அவர்களிடம் கேட்ட ஆய்வாளர்கள் குறைவு. நானும் தலையணை அமுக்கிய கட்சிதான்.)

மூன்று மணிக்கு மைனி கதவைத் தட்டவில்லை. குழந்தையைத் தன் பேத்தி பக்கத்தில் கிடத்தி, சட்டையைத் தூக்கி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். முப்பத்திரண்டு. துணியை இழுத்துவிட்டு மறுபடி படியில் போய் உட்கார்ந்தார். நாலரைக்குக் குழாயில் தண்ணீர் வந்ததும் இரண்டு வீட்டுக் குடத்தையும் அவரே பிடித்து வைத்தார்.