காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் வாழும் நம் குடும்பங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அரிது. வாரநாட்களில் அப்பா வேலைக்குப் போகும் அதே வண்டியை, ஞாயிற்றுக்கிழமை மகன் ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதையிலும் பாறைமடைப் பக்கத்து ஏற்றத்திலும் ஓட்டிப் பார்க்கிறான். திங்கட்கிழமை காலையில் அது மறுபடி அப்பாவுக்கு ஓட வேண்டும். அந்தக் கவலையோடுதான் இதை எழுதுகிறேன்.

என் அக்கா மகன் பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்று வைத்திருந்தான். வண்டி இன்னும் இழுக்கட்டும் என்று காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் மாட்டினான். சத்தம் கம்பீரமாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரம் ஒரு நீண்ட ஏற்றத்தில் முழு வேகத்தில் போகும்போது பின்சக்கரம் சட்டென்று நின்றுவிட்டது. பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது. கிளட்சை உடனே பிடித்ததால் பையன் தப்பினான். வண்டியைப் பிரித்துப் பார்த்த ஒர்க்ஷாப் ஆசான் கேட்டது ஒரே கேள்விதான்: "காத்தைக் கூட்டினியே மக்ளே, பெட்ரோலைக் கூட்டினியா?"

அந்தக் கேள்விக்குள் முழுப் பாடமும் இருக்கிறது.

கலப்படமில்லாத பெட்ரோல் ஒரு கிராம் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். முழு இழுவையில் என்ஜின் சூடேறாமல் இருக்க, ஒரு கிராமுக்கு 12.5 முதல் 13 கிராம் காற்று என்று கலவை சற்றுக் கெட்டியாக வேண்டும். கம்பெனி, தான் வைத்த காற்றுப் பெட்டி எவ்வளவு காற்றை விடுமோ அதற்கு ஏற்றபடியே கார்புரேட்டரில் ஜெட்டுகளைப் பொருத்துகிறது. ஜெட் என்பது பெட்ரோல் வரும் சிறிய துளையுள்ள பித்தளைத் திருகு, அவ்வளவுதான். காற்று வழியைத் திறந்துவிட்டு அந்தத் துளையை அப்படியே விட்டால் கலவை வறண்டுவிடும். இதைத்தான் ஒர்க்ஷாப்பில் 'லீன்' என்கிறார்கள். உள்ளே வரும் பெட்ரோல்தான் பிஸ்டனை ஓரளவு குளிர்விக்கவும் செய்கிறது; அது குறைந்தால் சூடு ஏறுகிறது. டூ ஸ்ட்ரோக் வண்டியில் இந்த ஆபத்து மிக அதிகம்.

இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் உண்டு. அத்தகைய பெட்ரோலுக்குச் சரியான அளவு 14.7 அல்ல, சுமார் 13.5. ஆகவே பழைய வண்டியின் ஜெட், ஃபில்டரைத் தொடாமலே சற்று லீன் பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. அதன்மேல் காற்றையும் கூட்டினால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சரி, மாற்றியே தீர வேண்டும் என்றால் என்ன செய்வது?

முதலில் கார்புரேட்டரைக் கழுவிச் சுத்தம் செய்யுங்கள். கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்திருந்தால் அதை மாற்றுங்கள். அங்கே காற்று கசிந்தால் எந்த ஜெட் போட்டும் பயனில்லை. பிறகு ஆக்ஸிலரேட்டர் பிடியில் டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால், முழு என்று குறி வையுங்கள். ஒவ்வொரு நிலையிலும் பெட்ரோலை ஆளும் உறுப்பு வேறு. பிடி மூடியிருப்பதிலிருந்து கால் பங்கு வரை பைலட் ஜெட். கால் முதல் முக்கால் வரை ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். இது தெரிந்தால் கோளாறு எந்த இடத்தில் என்பது தானே தெரிந்துவிடும்.

வேலையை மெயின் ஜெட்டில் தொடங்க வேண்டும். பழைய ஜெட்டைவிட இரண்டு மூன்று படி பெரியதைப் போட்டு, பிறகு ஒவ்வொரு படியாக இறங்குவதே பாதுகாப்பு. பெட்ரோல் அதிகமானால் வண்டி திணறும், கரும்புகை விடும், பிளக் கரி பிடிக்கும். என்ஜின் அதனால் உடனே கெடாது. குறைந்தால்தான் கெடும். முழு வேகத்தில் பிடியைச் சற்றுக் குறைத்ததும் வண்டி முன்னைவிட நன்றாக இழுத்தால், மெயின் ஜெட் போதவில்லை என்று பொருள். புதிய பிளக் போட்டு முழு இழுவையில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து என்ஜினை அப்போதே அணைத்து, ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் லீன். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். காப்பித்தூள் நிறம் சரியானது. இந்தச் சோதனையை நெடுஞ்சாலையில் செய்யக் கூடாது. தோட்டக்காரரிடம் அனுமதி வாங்கி, ஆள் நடமாட்டம் இல்லாத நேரான பாதையில் ஹெல்மெட்டோடு செய்யுங்கள்.

அடுத்தது ஊசி. அதன் தலைப்பக்கம் சில வரிப்பள்ளங்களும் ஒரு சிறு கிளிப்பும் இருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறும், பெட்ரோல் கூடும். சில வண்டிகளில் பள்ளமே இருக்காது. அவற்றில் மெல்லிய வாஷர் வைத்து ஊசியை உயர்த்துவார்கள்.

கடைசியாகப் பைலட் ஜெட்டும் அதற்கான திருகும். பிடியை விட்டதும் சைலன்ஸரில் பட்பட்டென்று வெடித்தாலோ, ஐடிலிங் இறங்காமல் தொங்கினாலோ அங்கே பெட்ரோல் குறைவு. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: திருகு ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுத் திருகு, வெளியே திருகினால் பெட்ரோல் பங்கு குறையும். என்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் திருகு, வெளியே திருகினால் கூடும். புகைச் சான்றிதழுக்கு அளப்பது இந்த ஐடிலிங் நிலையைத்தான். 2000 மார்ச்சுக்குப் பின் தயாரான கார்புரேட்டர் வண்டிக்குக் கார்பன் மோனாக்ஸைடு வரம்பு 3.5 சதவீதம், அதற்கு முந்தியவற்றுக்கு 4.5.

ஜெட் வாங்கும்போதும் கவனம் தேவை. களியக்காவிளையில் ஒன்று, நெய்யாற்றின்கரையில் ஒன்று என்று எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். கெய்ஹின் ஜெட்டில் உள்ள எண் துளையின் அகலத்தைக் குறிக்கும். 100 என்றால் ஒரு மில்லிமீட்டர். மிகுனி அறுகோண ஜெட்டில் அது பெட்ரோல் பாயும் அளவு. இரண்டும் ஒன்றல்ல. கெய்ஹினில் 100லிருந்து 105 போவது சிறிய மாற்றமாகத் தோன்றினாலும் துளையின் பரப்பு பத்து சதவீதம் கூடிவிடுகிறது.

இடமும் கணக்கில் வரும். பொன்முடி சுமார் 1,100 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிவு, கலவை கெட்டியாகும். இங்கே சரிசெய்த வண்டி அங்கே சற்றுத் திணறுமே தவிரக் கெடாது. மலையில் சரிசெய்துகொண்டு பூவார் கடற்கரைக்கு இறங்குவதுதான் ஆபத்து.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் புதிய வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூவல் இன்ஜெக்ஷன்தான். அவற்றில் ஜெட் கிடையாது. அதற்கு முந்திய ஆர்.எக்ஸ். 100, 2011இல் வந்த ஹீரோ இம்பல்ஸ், 2016இல் வந்த முதல் ஹிமாலயன் போன்றவற்றுக்கே மேலே சொன்னது பொருந்தும்.

முடிவாக ஒன்று. நம் செம்மண் தூசி மாவு போன்றது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. திறந்த ஃபில்டர் இரண்டையும் உள்ளே இழுக்கும். தினமும் வேலைக்குப் போகும் வண்டியானால் பழைய பெட்டியைத் திரும்ப மாட்டி, ஃபில்டரைச் சுத்தமாக வைப்பதே உத்தமம். என் மருமகனும் சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட்டபின் அதைத்தான் செய்தான். கழற்றிய பெட்டியை அவன் அம்மா பழைய இரும்புக்குப் போடாமல் பரணில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.