குடிநோயாளரும் பொதுச் செலவும்

பர்கூர்ப் பகுதி சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த 1937-ஆம் ஆண்டில், இராஜாஜியின் அரசு அம்மாவட்டத்தில்தான் மதுவிலக்கை முதலில் நடைமுறைப்படுத்தியது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி பிறந்தது. இன்றோ அரசு மதுவினால் வருவாய் பெறுகிறது. மது விளைவிக்கும் நோய்க்கு அரசு மருத்துவமனைகளில் செலவும் செய்கிறது.

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்துகையில், முதற் சில நாள்களில் வலிப்பும் மனக்குழப்பமும் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே சிலருக்கு மருத்துவமனைச் சேர்க்கை இன்றியமையாதது. ஆயினும், மதுச்சார்புடையோரில் ஏறத்தாழ 180 பேருக்கு ஒருவரே உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றதாக 2019-இல் வெளியான தேசிய ஆய்வு கூறுகிறது. பர்கூர், ஓசூர்த் தொழிற்பேட்டைகளின் தினக்கூலியாளருக்கு ஒரு வாரப் படுக்கை என்பது ஒரு வாரக் கூலியிழப்புமாகும்.

உடலின் நடுக்கம் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணியும். குடிவேட்கை அவ்வாறு தணிவதில்லை. தொடர் கவனிப்பின்றி வீடு திரும்புகிறவர் ஈரல் நோயுடன் மீண்டும் அதே படுக்கைக்கு வரக்கூடும். பொதுப்பணம் இருமுறை செலவாகும்.

நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. திரும்பி வருவதாகவும் வாக்களித்தான். மருத்துவமனை நம் காலத்துச் சத்திரம். திரும்பி வருதல் திருச்சபையின் கடன். வாரந்தோறும் வீட்டுச் சந்திப்பு, மனைவி மக்களுக்கு ஆதரவு, அல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்திற்குத் திறந்த ஆலய அறை: இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை, இவையின்றிச் செய்யும் பெருஞ்செலவோ பலமுறை வீணாகும்.