கைத்தொலைபேசிவழிக் காசனுப்புதல்

மட்டக்களப்பில் உள்ள நண்பர் ஒருவர்க்கு அவசரமாகப் பணந் தேவைப்படுகின்றது. உதவக்கூடியவர் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இத்தகைய நிலையில் அவர் செய்யத்தக்கது தபாற்கந்தோருக்குச் சென்று காசுக்கட்டளை எடுப்பதேயாம். பெறுபவரின் பெயரையும் விலாசத்தையும் பத்திரத்தில் எழுதுதல் வேண்டும். தரகுப் பணஞ் செலுத்துதல் வேண்டும். கட்டளை சென்றடையும்வரை சில நாள் பொறுத்திருத்தல் வேண்டும். பெறுபவரும் தாம் இன்னார் என்பதை நிறுவிக் கையொப்பமிட்ட பின்னரே காசைக் கையிற் காண்பர். இன்றோ அவ்வுதவியாளர் வீட்டு விறாந்தையிற் சாய்மனைக் கதிரையை விட்டெழாமலே கைத்தொலைபேசியில் எண்களைத் தட்டி, அரை நிமிடத்திற் காரியத்தை முடித்துவிடுகின்றார்.

இவ்விரு முறைகட்கும் உள்ள வேறுபாடு விரைவு ஒன்றே எனப் பலர் கருதுவர். அக்கருத்து முற்றும் பொருந்தாது. பழைய முறையில் அனுப்புதற்கும் பெறுதற்கும் இடையே ஒரு காலம் இருந்தது. பெயரைப் பிழையாக எழுதியவர், பணங் கொடுபடுமுன் தபாலதிபரிடம் மனுச்செய்து அதனைத் திருத்தலாம். கொடுக்க வேண்டாமெனத் தடுத்தும் விடலாம். அக்காலத்தை எல்லாரும் தாமதம் என்று வைதனர். அதுவே பிழையைத் திருத்துதற்கு உரிய காலமுமாய் இருந்தது என்பது, அது மறைந்த பின்னரே பலர்க்குப் புலனாயிற்று. புதிய முறையின் நன்மைகளிலும் தீமைகளிலும் பெரும்பாலானவை இவ்விடைக்காலம் நீங்கியதினின்றே பிறப்பன. இதனை விளங்கிக்கொள்ளுதற்கு முதலில் நோக்கத்தக்க நாடு கென்யாவாகும்.

கென்யாவில் நைரோபி போன்ற நகரங்களுக்குச் சென்று உழைப்போர் மிகப் பலர். அவர்தம் பெற்றோரும் மனைவி மக்களும் தொலைவிலுள்ள கிராமங்களில் வாழ்வர். வங்கிக் கணக்கு வைத்திருந்தோர் சிலரே. ஊருக்குப் போகும் நண்பர் கையிற் கொடுத்தனுப்புதல், பேரூந்துச் சாரதியிடம் ஒப்படைத்தல் முதலியனவே பெருவழக்காய் இருந்தன. அவ்வாறு கொடுத்த காசு வழியிற் குறைதலும் உண்டு. முற்றாகத் தொலைதலும் உண்டு. இந்நிலையில் வொடபோன் நிறுவனமும் அதன் கென்யக் கூட்டு நிறுவனமாகிய சபாரிகொமும், பிரித்தானிய அரசின் சர்வதேச அபிவிருத்தித் திணைக்களத்தின் நிதியுதவியோடு 2005 ஆம் ஆண்டில் ஒரு பரீட்சார்த்தம் நடாத்தின. சிறுகடன் பெற்றோர் தம் தவணைப் பணத்தைக் கைத்தொலைபேசி வாயிலாகச் செலுத்த வழிசெய்தலே அதன் நோக்கம். ஆனாற் பரீட்சார்த்தத்திற் சேர்ந்த மக்கள் அம்முறையைத் தம்முள் ஒருவர்க்கொருவர் காசனுப்புதற்கே பெரிதும் பயன்படுத்தினர். ஒரு கருவி எதற்கு உரியது என்பதை அதனைச் செய்தோரினும் பயன்படுத்துவோரே முந்தி அறிந்துகொள்ளுதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கடனை விடுத்துக் காசனுப்புதலையே முதன்மையாகக் கொண்டு 2007 மார்ச்சு மாதத்தில் எம்-பெசா தொடங்கப்பெற்றது. ‘பெசா’ என்பது சுவாகிலி மொழியிற் பணம் எனப் பொருள்படும்.

அது நடைபெறும் விதம் எளியது. ஊர்தோறுஞ் சிறு கடைக்காரர் முகவராக அமைவர். அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு செய்துகொண்ட ஒருவர் முகவரிடங் காசைக் கொடுத்தால், அத்தொகை அவர் தொலைபேசிக் கணக்கில் வரவு வைக்கப்படும். அவர் தம் நண்பரின் தொலைபேசி எண்ணையுந் தொகையையுங் குறித்து, இரகசிய எண்ணை அழுத்துவர். அவர் கணக்கிற் குறைந்தது நண்பர் கணக்கிற் கூடும். இருவர்க்கும் குறுஞ்செய்தி வரும். நண்பர் தம் ஊர் முகவரிடஞ் சென்று காசாக மாற்றிக்கொள்வர். மக்கள் செலுத்திய பணம் தொலைபேசி நிறுவனத்தின் சொந்த முதலாகாது. வங்கிகளில் நம்பிக்கைப் பொறுப்புக் கணக்காக வைக்கப்படுகின்றது. விலை குறைந்த சாதாரணத் தொலைபேசியே இதற்குப் போதும்.

இதனால் விளைந்த நன்மை யாது? வில்லியம் ஜக், தவ்னீத் சூரி என்னும் பொருளியலறிஞர் இருவர் கென்யக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2014 இல் வெளியிட்ட முடிவு ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. நோய், வேலையிழப்பு, விளைவுக் குறைவு முதலிய இடர்கள் நேர்ந்தபோது, எம்-பெசா இல்லாத குடும்பங்கள் தம் நுகர்வை ஏறத்தாழ 7 சதவீதம் குறைத்துக்கொண்டன. அதனைப் பயன்படுத்திய குடும்பங்களில் அத்தகைய வீழ்ச்சி காணப்படவில்லை. காரணம், இடருற்ற வேளையில் அவர்கட்குக் கூடுதலான பணம், கூடுதலான பேரிடமிருந்து வந்தது. ஒரு பெரிய தொகையைக் கொடுக்கும் வசதி ஒருவர்க்கு இல்லாதிருக்கலாம். பத்துப் பேர் ஆளுக்கொரு சிறுதொகை கொடுத்தல் இயலும். சிறுதொகை அனுப்புதற்காக ஒருவர் நெடுந்தொலைவு பிரயாணஞ் செய்யார். அனுப்பும் வருத்தம் நீங்கியவிடத்து நண்பரும் உறவினருஞ் சேர்ந்து ஒரு காப்புறுதிச் சங்கம்போல் ஆகிவிடுகின்றனர். இவ்வறிஞர்களே 2016 இல் வெளியிட்ட பிறிதோர் ஆய்வில், எம்-பெசாவினால் ஏறத்தாழ 194,000 குடும்பங்கள், அஃதாவது அந்நாட்டுக் குடும்பங்களில் 2 சதவீதம், கடும் வறுமையினின்று மீண்டன என மதிப்பிட்டனர். பயிர்த்தொழிலை விட்டுச் சிறு வியாபாரத்தில் இறங்கிய பெண்கள் ஏறத்தாழ 185,000 பேர் என்பதும் அவர் கணிப்பு. 2007 ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலையடுத்து அந்நாட்டிற் கலகம் மூண்டபோது, வெளியே செல்லவியலாது நைரோபிச் சேரிகளில் அடைபட்டிருந்தோர்க்கு நண்பரும் உறவினரும் இவ்வழியாகவே பணம் அனுப்பினர். காசுக்கட்டளைக்குரிய இடைக்காலம் அன்று இருந்திருப்பின் அவர்கள் பட்டினி கிடந்திருப்பர். விரைவை இகழ்வோர் இதனை மறத்தல் ஆகாது.

செலவைப் பற்றி ஒரு சொல். நிறுவனம் அறவிடுங் கட்டணம் தொகை சிறிதாகுந்தோறும் விகிதத்திற் பெரிதாகின்றது. ஆகவே வறியவர்க்கே அது அதிகம் உறைக்கின்றது. அக்கட்டணத்தின் மேல் 2013 இல் கென்ய அரசு 10 சதவீத வரியும் விதித்தது.

இனிப் பிழைகளை நோக்குவோம். காசுக்கட்டளையில் மனிதரின் பெயர் எழுதப்பட்டது. தொலைபேசிமுறையிலோ எண் ஒன்றே எழுதப்படுகின்றது. பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தால், தபாற்காரர் ஊரறிந்தவராதலின் உரியவரைத் தேடிக் கண்டுபிடிப்பர். எண்ணில் ஓரிலக்கம் பிழைத்தாற் பணம் முன்பின் அறியாத ஒருவரைச் சென்றடையும். அவர் அதனை உடனே எடுத்துச் செலவு செய்துவிடுதலுங் கூடும். இக்குறையை உணர்ந்த சபாரிகொம் பின்னர், அனுப்பியவர்க்குப் பெறுபவரின் பெயரைக் காட்டி, வேண்டாமெனின் சில விநாடிகளுக்குள் நிறுத்திவிட இடமளிக்கும் முறையொன்றைச் சேர்த்தது. ‘உறுதிசெய்க’ எனப் பொருள்படும் ‘ஹகிகிஷா’ என்பது அதன் பெயர். நீக்கிய இடைக்காலத்தில் ஒரு துளியை அந்நிறுவனமே மீண்டும் புகுத்தியதாக இதனைக் கொள்ளலாம்.

கைப்பிழையினும் கொடியது வஞ்சகம். கென்யாவில் மலிந்த ஒரு சூழ்ச்சி வருமாறு: பணம் வந்ததாகக் காட்டும் பொய்க் குறுஞ்செய்தி ஒன்று ஒருவர்க்கு வரும். சிறிது நேரத்தில் யாரோ ஒருவர் அழுதகுரலிற் பேசி, தாம் மருத்துவச் செலவுக்கு அனுப்பிய பணம் தவறி வந்துவிட்டதாகவும் திருப்பியனுப்புமாறும் வேண்டுவர். இரக்கமுடையவர் தம் சொந்தப் பணத்தையே அனுப்பிவிடுவர். ஈண்டு வஞ்சகர்க்குக் கருவியாவது ஏமாறுவோரின் நற்குணமே. பேராசைக்காரரை ஏமாற்றும் பழைய வஞ்சகத்தினும் இது இழிந்தது.

சட்டம் இவ்விடத்துத் தடுமாறியமை ஆராயத்தக்கது. ஐக்கிய அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டின் இலத்திரனியல் நிதிமாற்றச் சட்டம், உரியவரின் அனுமதியின்றிப் பிறர் எடுத்த பணத்துக்கு வங்கியைப் பெருமளவிற் பொறுப்பாக்குகின்றது. ஆனால் ஒருவர் ஏமாற்றப்பட்டாயினுந் தம் கையாலேயே அனுப்பிவிட்டால், அஃது அனுமதியோடு நிகழ்ந்ததென்றே பொதுவாகக் கொள்ளப்பட்டது. பல வங்கிகள் ஒன்றுகூடி 2017 இல் செல் என்னும் முறையைத் தொடக்கியபின் இவ்வழக்குகள் பெருகின. திருடர் பூட்டை உடைத்தால் ஈடு உண்டு. திறப்பைக் கேட்டு வாங்கித் திறந்தால் ஈடில்லை என்ற நிலை. வஞ்சனையாற் பெற்ற இசைவு இசைவாகுமா என்பது மாணவர் விவாதத்துக்கு ஏற்ற பொருளாகும்.

பிரித்தானியா வேறு வழியிற் சென்றது. அந்நாட்டில் வங்கிகளிடையே விரைவுப் பணமாற்றம் 2008 இல் வந்தது. அனுப்புபவர் பெறுநரின் பெயரை எழுதியபோதும், வங்கி எண்ணை மட்டுமே நோக்கிப் பணத்தைச் சேர்த்துவந்தது. பெயரும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்த்துச் சொல்லும் முறை 2020 இலேயே பெருவங்கிகளிற் புகுந்தது. 2024 ஒக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுப் பணம் அனுப்பியவர்க்கு 85,000 பவுண் வரை திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்றும், அனுப்பிய நிறுவனமும் பெற்ற நிறுவனமும் அதனைச் செம்பாதியாகப் பொறுத்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. வஞ்சகர்க்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கியும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே இதன் சிறப்பு. அதே மாத இறுதியில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. வஞ்சனை என்று ஐயுறத் தக்க காரணம் இருப்பின், வங்கி பணத்தைச் சில நாள் நிறுத்திவைத்து விசாரிக்கலாம் எனச் சட்டந் திருத்தப்பட்டது. விநாடிக் கணக்காகக் குறைத்த நேரத்தைச் சட்டமே மீண்டும் நாட்கணக்காக நீட்டியது.

நட்பினிடத்து இம்முறை விளைக்கும் மாறுதல் இன்னொரு பகுதி. பணம் அனுப்புதல் எளிதாயினமைபோலக் கேட்டலும் எளிதாயிற்று. முன்னர்க் கடன் கேட்பவர் நேரில் வருவர், அல்லது கடிதம் எழுதுவர். கேட்கப்பட்டவரும், கையிற் காசில்லை என்றோ வங்கி பூட்டிவிட்டது என்றோ முகமுறியாது மறுக்கலாம். இன்று அப்போக்குகள் செல்லா. இந்தியாவில் 2016 இல் தொடங்கிய யூபிஐ முறையில், இவ்வளவு பணந் தருக என்று ஒருவர் மற்றொருவர்க்கு வேண்டுகோள் அனுப்பும் வசதியும் இருந்தது. பணம் வருகின்றது எனக் கருதி இரகசிய எண்ணை அழுத்திய பலர் பணத்தை இழந்தனர். பெறுவதற்கு இரகசிய எண் வேண்டியதில்லை என்னும் ஒரு செய்தியை அறியாமையே அதற்குக் காரணம். தனியார் ஒருவர் மற்றொருவரிடம் அவ்வாறு வேண்டும் வசதி 2025 ஒக்டோபரில் நிறுத்தப்பட்டது. நண்பர்க்கென அனுப்பும் முறையிலே முகமறியாத வியாபாரிக்கு முற்பணம் அனுப்புவோரும் உளர். பொருள் வந்து சேராவிடின் அவர்க்குக் கிடைக்கும் பாதுகாப்பு மிகச் சிறிது.

இலங்கையில் டயலொக் நிறுவனத்தின் ஈஸி காஷ் 2012 இலும், வங்கிகளிடையே உடனடியாகப் பணம் மாற்றும் முறை லங்காகிளியர் நிறுவனத்தால் 2015 இலும் தொடங்கப்பெற்றன. தொலைபேசியிற் சொல்லிப் பணங் கொடுப்பிக்கும் உண்டியல் முறையை எம்மவர் அதற்கு முன்னரே நன்கறிவர். சட்டத்தின் பாதுகாப்பு அற்றதாயினும், உண்டியலிற் பெறுபவரின் குரலையோ முகத்தையோ அறிந்த ஒருவர் இடையில் நின்றார். புதிய முறையில் அவரும் இல்லை. இங்கு இப்போது காணப்படும் வஞ்சகம் பெரும்பாலும் நண்பரின் பெயரிலேயே வருகின்றது. ஒருவரிடம் ஏதோ சாக்குச் சொல்லி, அவர் தொலைபேசிக்கு வந்த ஆறிலக்க எண்ணைக் கேட்டுப் பெறுவர். அதனைக் கொண்டு அவருடைய வாட்சப் கணக்கைக் கைப்பற்றுவர். பின்பு அவர் நண்பர் அனைவர்க்கும், அவசரமாகப் பணம் வேண்டும், மாலையில் தந்துவிடுவேன் என்று செய்தி பறக்கும். எழுத்தும் படமும் நண்பருடையனவே; பணம் அனுப்பும்படி குறிக்கப்படுங் கணக்கு மட்டும் வேறொருவருடையது.

இத்தகைய செய்தி வந்தால், செய்திக்கு விடையெழுதாது, நண்பரின் வழக்கமான தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் குரலைக் கேட்ட பின்னரே அனுப்புதல் வேண்டும். அவர் பேசாராயின் வீட்டாரிடம் வினவலாம். புதிய கணக்கொன்றுக்குப் பெருந்தொகை அனுப்ப நேரின், முதலில் நூறு ரூபா அனுப்பி, வந்ததாவென அவர் வாயாற் கேட்டு, எஞ்சியதைப் பின்னர் அனுப்பலாம். ஆறிலக்க எண்ணையும் இரகசிய எண்ணையும் வங்கி உத்தியோகத்தர் எனச் சொல்லிக்கொள்பவர்க்கும் உரைத்தலாகாது. எண் பிழைத்துப் பணம் போய்விட்டால், பெற்றவரோடு வாதாடிக் காலம் போக்காது, அந்நிமிடமே தம் வங்கிக்கோ தொலைபேசி நிறுவனத்துக்கோ அறிவித்தல் வேண்டும். எடுக்கப்படாத பணத்தை நிறுத்திவைத்தலே இயலும், எடுத்த பணத்தை மீட்டல் அரிது. தவறுதலாகப் பணம் வந்து சேர்ந்தவரும், கேட்டவர்க்குத் தாமே திருப்பியனுப்பாது, முதலில் தம் கணக்கில் அத்தொகை உண்மையாகவே சேர்ந்துள்ளதா எனப் பார்த்து, நிறுவனத்தின் வாயிலாகவே அதனைத் திருப்பிவிடுதல் தக்கது.