மேய்ச்சல் நிலத்துக்குச் சென்ற பள்ளி

பழங்குடிக் குழந்தைகள் பள்ளிக்கு வராததற்குப் பெற்றோரின் அக்கறையின்மையே காரணம் என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். கட்டணமில்லாக் கல்விக்கும் ஒரு விலை உண்டு. மாடு மேய்க்கும் சிறுவன் பள்ளிக்குப் போனால் மாட்டை யார் மேய்ப்பது? தம்பியைப் பார்த்துக்கொள்ளும் சிறுமி படிக்கப் போனால் தாயின் அன்றைய கூலி போய்விடும். பொருளியல் இதை வாய்ப்புச் செலவு என்கிறது.

இந்தக் கணக்கை உணர்ந்து செயல்பட்டவர் தாராபாய் மோடக். 1945இல் மகாராஷ்டிரக் கடலோர ஊரான போர்டியில் கிராமக் குழந்தைக் கல்வி மையத்தைத் தொடங்கிய அவர், 1957இல் அதை வார்லி பழங்குடியினர் வாழும் கோஸ்பாடுக்கு மாற்றினார். அனுதாய் வாக் அவருக்குத் துணைநின்றார்.

குழந்தைகளைப் பள்ளிக்கு அழைப்பதோடு நில்லாமல், பள்ளியையே அவர்களிடம் கொண்டுசென்றனர் இருவரும். குடியிருப்பின் முற்றத்தில் வகுப்பு நடந்தது. மராத்தியில் முற்றத்தைக் குறிக்கும் சொல்தான் இன்றைய அங்கன்வாடியின் பெயரில் உள்ளது. மேய்ப்புச் சிறுவர்களுக்குப் புல்வெளியே வகுப்பறையானது. குழந்தைகள் காப்பகமும் தொடக்கப் பள்ளியும் ஒரே வளாகத்தில் அமைந்ததால், தம்பியுடன் வந்த அக்காவும் படித்தாள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கட்டணத்தை நீக்கியது. குடும்பம் இழக்கும் உழைப்பை அது ஈடுசெய்யவில்லை. மாணவர் குறைவு என்று மலைக்கிராமப் பள்ளியை மூடித் தொலைவிலுள்ள பள்ளியோடு இணைக்கும்போது, அரசுக்குச் செலவு குறையலாம். ஆனால், அந்தச் செலவு மறைவதில்லை. குழந்தையின் நடைத்தூரமாகவும் பெற்றோரின் கூலி இழப்பாகவும் இடம் மாறுகிறது. அதையும் சேர்த்துக் கணக்கிடுவதே நேர்மையான சிக்கனம்.