கூரைத் தண்ணீர் எங்கே போகிறது?

மலையகத்தில் மழைக்குக் குறைவில்லை. ஆனாலும் தை, மாசியில் பீலிக்கரையில் குடத்தோடு காத்து நிற்கிறோம். அதே மழை பெருத்தால் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்து நிற்கிறோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையால் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பல இடங்களில் மலை சரிந்தது. புதிய காணியில் வீடு கட்டப்போகும் குடும்பங்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நம் கூரையில் விழும் தண்ணீர் எங்கே போகப்போகிறது?

ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். 550 சதுர அடிக் கூரை ஏறக்குறைய 50 சதுர மீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 4,000 லீற்றர் கிடைக்கும். இருபது வீடுகளுக்கு 80,000 லீற்றர். இத்தனையும் கூரை விளிம்பிலிருந்து ஒரே கோட்டில் விழுந்து மண்ணை அறுக்கும்.

இதில் ஒரு பகுதியைத் தாங்கியில் பிடிக்கலாம். 1990களின் நடுவில் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் சமுதாய நீர்வழங்கல் திட்டத்தின் கீழ் 5,000 லீற்றர் தாங்கிகள் கட்டப்பட்டன. ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 100 லீற்றர் என்று வைத்தால், நிறைந்த தாங்கி 50 நாட்களுக்குப் போதும். முதல் மழை கூரையின் தூசியைக் கழுவி வரும். அதை வெளியே விட்டுவிடுங்கள். குழாய் வாயில் வலை கட்டுங்கள். நுளம்பு புகாதபடி தாங்கியை மூடுங்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். நிறைந்த தாங்கியில் தண்ணீர் மட்டும் ஐந்து தொன் பாரம். ஆகவே கொட்டி நிரப்பிய மண்ணிலோ சரிவின் விளிம்பிலோ அதை வைக்கக்கூடாது.

தாங்கி நிறைந்தபின் வழியும் தண்ணீரே ஆபத்தானது. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, குழி வெட்டி நீரை நிலத்தில் இறக்கினார்கள். கிணறு வற்றும் சமவெளிக்கு அது நல்ல வழி. செங்குத்தான நம் மலைக்கு அது பொருந்தாது. மண்ணுக்குள் இறங்கும் நீர் மண்ணின் பாரத்தைக் கூட்டும். உள்ளிருந்து அழுத்தி அதன் பிடிப்பைத் தளர்த்தும். வழியும் நீரைக் குழாயில் இறக்கி, கல் பதித்த கானில் சேர்த்து, ஓடை வரை கொண்டுபோக வேண்டும்.

கான் வெட்டுவது நமக்குப் புதிய வேலையல்ல. தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே மெல்லிய சாய்வில் கான் வெட்டி, நீரைப் பெரிய கானில் சேர்த்தவர்கள் நம் பாட்டன்மார்தான். குடியிருப்புக்கும் அதே முறை வேண்டும். மேட்டிலிருந்து வரும் நீரைத் தடுத்துத் திருப்ப வீடுகளுக்கு மேலே ஒரு கான். கீழ்வீட்டுக்காரரின் முதுகில் கொட்டாதபடி வரிசைக்கு ஒரு கான். மழைக்காலத்துக்கு முன் மண் அள்ளும் வேலையை எல்லோரும் சேர்ந்து செய்யவேண்டும். இது தனி ஒரு குடும்பத்தால் ஆகாது. ஆதலால் காணி பெறும்போதே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையையும், வீட்டுத் திட்டத்தில் கான்கள் எங்கே என்பதையும் சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள்.

தாங்கியும் கானும் இருந்தாலும் எல்லா மண்சரிவையும் தடுக்க முடியாது. நேரான தகர டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, தேங்கும் நீரை அடிமட்டத்தால் அளந்து வாருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாயிருங்கள். 100 தாண்டினால் புறப்பட ஆயத்தமாகுங்கள். 150 தாண்டினால், அல்லது ஒரு மணித்தியாலத்திலேயே 75 பெய்தால், பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். நிலம் வெடித்தாலும், மரங்கள் சாய்ந்தாலும், ஊற்று திடீரெனக் கலங்கினாலும் அளவுக்காகக் காத்திராதீர்கள். வீட்டை மீண்டும் கட்டலாம். போன உயிரை மீட்க முடியாது.