பேச்சிலிருந்து பாட்டு – 9: மரியேயின் சிரிப்பு

யார் பேசினாலும் அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஸ்வரமாகக் குறித்துக்கொண்டே பிர்னோ நகரத்துத் தெருக்களில் நடந்தவர் செக் இசையமைப்பாளர் லியோஷ் யானாச்செக். 1904இல் பிர்னோவில் அரங்கேறிய அவருடைய 'யெனூஃபா' ஆபரா, ப்ராக் நகரின் மேடையைத் தொட 1916 வரை காத்திருந்தது. இதுவரை வந்த கதை இவ்வளவுதான்.

இந்த வாரம் கமிலா என்ற பெண்ணுக்கு அவர் எழுதிய கடிதங்களுக்குள் போவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் வழியில் ஒரு செய்தித்தாள் தொடர் குறுக்கே வந்து நிற்கிறது. நானும் தொடர் எழுதுகிறவன். இதைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

பிர்னோவில் 'லிடோவே நோவினி' என்றொரு நாளிதழ். யானாச்செக்கே அதில் அடிக்கடி கட்டுரை எழுதுவார். ஸ்டானிஸ்லாவ் லோலெக் என்ற ஓவியர் பெண் நரி ஒன்றின் குறும்புகளை வரிசையாக வரைந்திருந்தார். படங்கள் பத்திரிகையின் கைக்கு வந்துவிட்டன, கதை இல்லை. அதை எழுதும் வேலை ருடால்ஃப் டெஸ்னோஹ்லீடெக் தலையில் விழுந்தது. அவருடைய அன்றாட வேலை நீதிமன்றச் செய்தி எழுதுவது. திருட்டு வழக்கும் கொலை வழக்கும் கேட்டுவிட்டு வந்து அந்த மனிதர் காட்டைப் பற்றி எழுதினார். பிர்னோ வட்டாரத்துப் பேச்சுமொழியிலேயே எழுதினார். 1920 ஏப்ரல் முதல் ஜூன் வரை தொடர் ஓடியது.

யானாச்செக் வீட்டில் அதை விடாமல் படித்தவர் பணிப்பெண் மரியே ஸ்டெய்ஸ்கலோவா. 1894இல் அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தவர். முதுமையில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நினைவுக் குறிப்புகள் இல்லாவிட்டால், இந்தக் கதை நமக்குக் கிடைத்தே இருக்காது. ஒருநாள் தொடரில் வந்த படத்தைப் பார்த்து மரியே வாய்விட்டுச் சிரித்திருக்கிறார். காதலனும் காதலியுமாக இரண்டு நரிகள் பூவோடு உலாப் போகும் படம். சிரிப்புச் சத்தம் கேட்டு யானாச்செக் தன் அறையிலிருந்து எழுந்து வந்து, என்ன விஷயம் என்று கேட்டார். மரியே பத்திரிகையை நீட்டினார். பார்த்தவரின் முகத்திலும் சிரிப்பு பரவியது. 'ஐயாதான் பறவை, விலங்கு பேசுவதையெல்லாம் எழுதி வைக்கிறீர்களே, இது ஆபராவுக்கு எவ்வளவு பொருத்தம்' என்ற பொருளில் மரியே ஏதோ சொல்லியிருக்கிறார். அவர் பதில் சொல்லவில்லை. அதன்பிறகு ஒரு அத்தியாயத்தையும் தவறவிடவில்லை.

அப்போது அவருக்கு வயது 65. ஆபரா மேடையில் அரசர்களும் தேவதைகளும் புராண வீரர்களும் நிறையவே உலாவினார்கள். இவருடைய நரி வந்த வழி வேறு: ஓவியர், நீதிமன்ற நிருபர், பணிப்பெண். யார் சொல்வது என்று பார்த்து அந்தக் காது ஒருநாளும் திறந்ததில்லை. தாகூருக்கும் அது திறந்தது. 1921 ஜூனில் ப்ராக் நகரில் தாகூர் பேசியபோது யானாச்செக் அவையில் இருந்தார். வங்காள மொழி தெரியாமலே அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தைக் குறித்துக்கொண்டார். அதைப் பற்றி அதே நாளிதழில் எழுதினார். மறு ஆண்டே, பரிசவேதிக் கல்லைத் தேடி அலையும் பித்தனைப் பற்றிய தாகூர் கவிதைக்கு ஆண்குரல் குழுவுக்காக இசையமைத்தார். பணிப்பெண்ணும் மகாகவியும் ஒரே தராசில் நிற்கிற இந்த இடம்தான் யானாச்செக் என்று நான் நினைக்கிறேன்.

நரிக்குத் திரும்புவோம். பிறந்த ஊரான ஹுக்வால்டியில் காட்டு அதிகாரியைக் கூட்டிக்கொண்டு நரி பார்க்கப் போனார். வளையிலிருந்து நரிக் குடும்பம் வெளியே வந்ததும், மகிழ்ச்சியில் அவரால் அசையாமல் இருக்க முடியவில்லை. நரிகள் ஓடிவிட்டன. பார்த்தாயிற்று, அது போதும் என்று திரும்பினாராம். ஆபராவுக்கான வசனத்தையும் தானே அமைத்தார். 1922இல் தொடங்கிய இசை 1923இல் முடிந்தது. 1924 நவம்பர் 6 அன்று பிர்னோவில் 'தந்திரக்கார நரிக்குட்டி' அரங்கேறியது.

கோழிகளுக்கு நரி ஆற்றும் புரட்சி உரை ஒன்று இதில் உண்டு. சேவலின் அதிகாரத்தை ஏன் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்கும். கோழிகள் அசையாது. பிறகு செத்ததுபோல் நடித்து, அருகில் வந்த சேவலைப் பிடித்துக் கொல்லும். குழந்தைகள் கைதட்டி ரசிக்கும் காட்சி. ஆனால் இது குழந்தைகளுக்கு மட்டுமான நாடகம் ஆகவில்லை. பத்திரிகைத் தொடர் நரியின் கல்யாணத்தோடு சுபமாக முடிந்திருந்தது. யானாச்செக் அங்கே நிற்கவில்லை. கோழி வியாபாரியும் கள்ள வேட்டைக்காரனுமான ஹராஷ்டாவின் குண்டுக்கு நரி பலியாகிறது. அதற்கு நீண்ட ஒப்பாரிப் பாட்டு எதுவும் இல்லை. காடு தன்பாட்டுக்கு நடக்கிறது.

முதல் காட்சியில், தூங்கும் காட்டு அதிகாரியின் மேல் ஒரு தவளை குதித்து எழுப்பிவிடும். விழித்தவர் நரிக்குட்டியைப் பிடிப்பார். கடைசிக் காட்சியில் அதே காடு. அவர் கிழவராகிவிட்டார். தாயைப் போலவே இருக்கும் நரிக்குட்டி ஒன்றைப் பார்த்துக் கையை நீட்டுகிறார்; அகப்படுவது தவளை. நீயா என்கிறார். நான் இல்லை, நீங்கள் பார்த்தது என் தாத்தா, உங்களைப் பற்றி எனக்குச் சொல்லியிருக்கிறார் என்கிறது தவளை. அவர் கையிலிருந்த துப்பாக்கி நழுவுகிறது. சாவைப் பற்றி இவ்வளவு தைரியம் தரும் இன்னொரு ஆபரா முடிவை நான் கேட்டதில்லை.

1928 ஆகஸ்டில் யானாச்செக் நிமோனியாவால் இறந்தார். வயது 74. பிர்னோ நாடக அரங்கில் நடந்த இறுதிச் சடங்கில் இசைத்தது இந்தக் கடைசிக் காட்சியைத்தான்.

கமிலா அடுத்த வாரம் கட்டாயம் வருகிறார்: 1917இல் லுஹாச்சோவிட்ஸே ஊரில் நேர்ந்த சந்திப்பு, 37 வயது இளைய அந்தப் பெண்ணுக்கு அவர் எழுதிய 700க்கும் மேற்பட்ட கடிதங்கள், அவற்றிலிருந்து மேடைக்கு வந்த நாயகிகள். அதற்குள் வாசகர்கள் ஒன்று செய்ய வேண்டும். சார்லஸ் மெக்கரஸ் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கை நடத்த, லூசியா பாப் நரியாகப் பாடிய ஒலிப்பதிவு ஒன்று இருக்கிறது. அதில் மூன்றாம் அங்கத்தின் கடைசிக் காட்சியை மட்டுமாவது கேட்டுவிட்டு வாருங்கள். செக் மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம்; யானாச்செக்குக்கும் வங்காளம் தெரியாது.