டாரன்டுலா காலைச் சுருட்டினால் செத்துவிட்டதா?

2021 ஜூலையில், போலந்திலிருந்து வந்த தபால் பார்சலைப் பிரித்த சென்னை சுங்கத் துறையினருக்கு அதிர்ச்சி. குட்டிக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள்! அருப்புக்கோட்டை முகவரிக்குப் போகவேண்டியவை.

ஆசையாக வாங்குபவர்கள் பலருக்கு அடிபட்டால் என்ன பண்ணுவதென்று தெரியாது. டாரன்டுலாவின் கால்களை நீட்டுவது உடலிலுள்ள நீலநிறத் திரவத்தின் அழுத்தம்தான். நீர் வற்றினால் கால்கள் அடியில் சுருண்டுவிடும். செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க. ஆழமில்லாத தண்ணீர்த் தட்டில் வாய் மட்டும் படும்படி வைத்தால் தேறவும் கூடும். வயிற்றின் அடிப்பக்கம் நனையக் கூடாது; மூச்சு உறுப்பு அங்கேதான். மல்லாந்து கிடந்தால் தொடவே வேண்டாம், தோலுரிக்கிறது.

ஒடிந்த கால் பெரும்பாலும் தோலுரிப்பில் முளைத்துவிடும். வயிறு கிழிவதுதான் ஆபத்து. சிறு கசிவென்றால் சோள மாவு தூவி அடைக்கலாம். வாயருகே வெள்ளையாகக் கசிந்தால் புழுத்தொற்றாக இருக்கலாம். அந்தப் பெட்டியை உடனே தனியே தள்ளி வைக்கணும்.